முதலாளி கூடு மாற்றினார்

ஜூன் 3

அன்பு வாலுவுக்கு,

கப்பலில் ஒயரும் கையுமாக அலைகிற என் தங்கைக்கு அக்காவின் முத்தங்கள். இங்கே எல்லோரும் சுகம், உன் ஹாம்ஸ்டரைத் தவிர. முதலாளி என்று நீ பெயர் வைத்தாலும் வைத்தாய், அந்தச் சுண்டெலி என்னைச் சம்பளமில்லாத வேலைக்காரி ஆக்கிவிட்டது. நீ வாங்கிக் கொடுத்த மரவீட்டை விட்டுவிட்டுக் கூண்டின் எதிர் மூலைக்குக் குடிபோய்விட்டது. கிடைத்ததையெல்லாம் இழுத்துக் குவித்து, உள்ளே புகுந்து வாசலையும் அடைத்துக்கொள்கிறது. சக்கரத்தில் ஏறுவதே இல்லை. சாயங்காலம் ஆனால் கம்பியைக் கடிக்கிற சத்தம் தாங்க முடியவில்லை. "இதுக்குப் பேசாம ஒரு நாய் வாங்கியிருக்கலாம்" என்று என் வீட்டுக்காரர் புலம்புகிறார். அதற்கு ஏதாவது நோயா?

அப்பா நன்றாக இருக்கிறார். கை நடுங்குவதால், கடிதத்தின் கடைசியில் வழக்கமாக எழுதுகிற இரண்டு வரியை அவரால் இந்த முறையும் எழுத முடியவில்லை. காது சுத்தமாகக் கேட்பதில்லை, அதனால் போனும் வேண்டாம். உன்னை நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னார்.

உன் அக்கா

ஜூன் 19

அன்பு அக்கா,

முதலாளியைச் சுண்டெலி என்று எழுதியிருக்கிறாய். அவர் காதில் விழுந்தால் உன் சீட்டுக் கிழிந்துவிடும்.

ஹாம்ஸ்டர் சும்மா கூடு மாற்றாது. குளிரடித்தால் கூட்டைப் பெரிதாக்கும். வெயிலோ சத்தமோ பட்டால் இடம் மாறும். கூண்டைச் சோப்புப் போட்டுக் கழுவி, பழைய கூட்டை மொத்தமாகத் தூக்கி எறிந்தால் தன் வாசனை போய்விட்டதென்று மிரண்டுவிடும். ஒரு பிடி பழையதை எப்போதும் உள்ளேயே விட வேண்டும். இதில் எது நடந்தது? கம்பியைக் கடிக்கிறது என்றால் யாரையோ கூப்பிடுகிறது. சாயங்காலம் அப்பாதானே விதை வைப்பார், மறந்துவிடுகிறாரா? கூட்டுக்குக் காகிதம் கிழித்துப் போடுகிறாரா? பஸ் கண்டக்டர் கை அல்லவா, ஸ்கேல் வைத்தது போல் கிழிப்பார்.

இது அப்பாவுக்கு, அவர் கையில் கொடு. அப்பா, எங்கள் கேப்டன் அறையில் ஃபியூஸ் போயிற்று. "டிக்கெட் எடுத்தாத்தான் லைட்டு" என்றேன். ஆள் சிரிக்கவே இல்லை. நீங்கள் இருந்திருந்தால் சிரித்திருப்பீர்கள்.

வாலு

ஜூலை 6

அன்பு வாலுவுக்கு,

டிக்கெட் கதையைப் படித்துவிட்டு அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். "என் வாய அப்படியே கொண்டு பொறந்திருக்கா" என்றார். விதையும் காகிதமும் தினமும் அவர் கையால்தான்.

நீ கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். குளிர் இல்லை. சத்தமும் இல்லை, வீடு முன்பைவிட அமைதி. காலையில் ஜன்னல் வெயில் நேராகக் கூண்டின் மேல் விழுகிறது, ஒரு துண்டைத் தொங்கவிட்டிருக்கிறேன். கழுவியது ஒரே முறைதான், ஏப்ரலில் வீட்டையே கழுவியபோது. பிறகு பாவம் என்று, வீட்டில் மிச்சமிருந்த பஞ்சில் கொஞ்சம் போட்டேன். அதையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

ஒப்பந்த வருஷத்தை முடித்துவிட்டே வரச் சொல்கிறார் அப்பா. பாதியில் கிளம்பிவிடாதே.

உன் அக்கா

ஜூலை 21

அக்கா,

கப்பலில் ஒரு விளக்கு எரியவில்லை என்றால் நாங்கள் ஒவ்வொரு காரணமாகத் தள்ளிக்கொண்டே வருவோம். பல்பு, ஸ்விட்ச், ஒயர். எல்லாம் சரி என்றால் மிச்சமிருக்கிற ஒன்றைத் திறந்துதான் பார்க்க வேண்டும். மனசு வேண்டாம் வேண்டாம் என்றாலும் உன் கடிதத்தை அப்படித்தான் படித்தேன்.

கூண்டு இருப்பது அப்பா அறையில், சுவரில் அடித்த பலகை மேல். அதற்கும் ஜன்னலுக்கும் நடுவில் அவர் கட்டில், ஆள் உயரத் தலைமாட்டோடு. கட்டில் அங்கே இருந்தால் கூண்டின் மேல் வெயில் பட வழியே இல்லை. பஞ்சு காலில் சுற்றிக்கொண்டால் இறுகிவிடும் என்று முன்பு ஒருமுறை உன்னை விரட்டியவரும் அவர்தான். அவர் பக்கத்தில் இருக்கும்போது நீ பஞ்சு போட்டிருக்க முடியாது. அது எதில் மிச்சமான பஞ்சு?

கட்டில் எங்கே அக்கா? அப்பா எங்கே?

வாலு

ஆகஸ்ட் 2

என் கண்ணே,

ஏப்ரலில் அப்பா போய்விட்டார். குளியலறையில் வழுக்கி விழுந்து தலையில் அடி. ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். வீட்டில் வைத்துக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தோம், ஒரு வாரம் இருந்தார். கட்டிலைப் பார்க்கச் சகிக்காமல் கொடுத்துவிட்டேன்.

உன்னைக் கேட்டார். "வாலுவுக்குச் சொல்லிட்டியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சொல்லிவிட்டேன், கிளம்பிவிட்டாள் என்று காகிதத்தில் எழுதிக் காட்டினேன். நடுக்கடலில் தனியாக அழுவாயே, பாதியில் வந்தால் இந்த வேலை திரும்பக் கிடைக்காதே என்று நானும் என் வீட்டுக்காரரும்தான் முடிவு செய்தோம். உன் நல்லதுக்குத்தான் வாலு.

நீ எழுதியதும் பஞ்சை எடுக்கக் கூட்டைப் பிரித்தேன். நடுவில் அப்பா கிழித்த காகிதம் ஒரு பிடி இருந்தது. நான் கூண்டைக் கழுவியபோது கன்னப் பைக்குள் அடைத்து வைத்திருந்திருக்கும். பார்த்ததும், பஞ்சைக்கூட எடுக்காமல் அப்படியே மூடிவிட்டேன்.

என்னை மன்னித்துவிடு.

அக்கா

ஆகஸ்ட் 15

டிக்கெட் கதையை நான் அப்பாவுக்கு எழுதினேன். நீ படித்துவிட்டு, அவர் சிரித்தார் என்று எழுதினாய். அவர் வாயில் ஒரு பேச்சையும் வைத்தாய். அந்த வரியைத்தான் படுக்கைக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தேன். சாவை மறைத்ததைக்கூடப் பயம் என்று நினைத்துக்கொள்வேன். இது பயம் இல்லை. நீ உட்கார்ந்து யோசித்து, பேனாவை எடுத்துச் செய்த துரோகம்.

என்னை மட்டுமா ஏமாற்றினாய்? நான் கிளம்பிவிட்டேன் என்று நம்பி அவர் ஒரு வாரம் வாசலைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறார். கடைசியில் நான் வரவில்லை என்று நினைத்துக்கொண்டே போயிருப்பார். அதை இனி நான் யாரிடம் போய்ச் சரிசெய்வது? என் நல்லதுக்கு என்று இன்னொரு முறை எழுதாதே.

அடுத்த துறைமுகத்தில் இறங்கிவிடுகிறேன். வேலை போனால் போகட்டும். உன்னைப் பார்க்க வரவில்லை. சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு நீயும் உன் வீட்டுக்காரரும் வெளியே எங்காவது போய்விடுங்கள். கூண்டை எடுத்துக்கொண்டு போய்விடுவேன்.

அதுவரை தண்ணீர் பாட்டிலை நிரப்பி வை. பஞ்சை மட்டும் மெதுவாக எடுத்துவிடு. சாயங்காலம் கம்பியைக் கடித்தால் பக்கத்தில் போய் நிற்காதே, அது உன்னைக் கூப்பிடவில்லை. அந்தக் காகிதத்தைத் தொடாதே.