நான் பார்க்காத படம்

ஆகஸ்ட் 8, வெள்ளி

கல்வித்துறை உத்தரவுப்படி மாதம் ஒரு சினிமாப் படம் வகுப்பில் போட்டுக் காட்டியாக வேண்டும். இன்று போட்டுவிட்டு விடைத்தாள் திருத்தினேன். நடுவில் ஒரே ஒரு முறை எழுந்து, படம் பார்க்கும் பிள்ளைகளைப் போட்டோ எடுத்து, "கலந்துரையாடல் சிறப்பாக நடந்தது" என்று துறையின் செயலியில் ஏற்றினேன்.

படம் முடிந்ததும் ரேஷ்மா எழுந்தாள். அவள் அம்மா ஷூ கம்பெனியில் தைக்கிறாள்.

"அந்தப் பொண்ணு இனிமே இன்னா பண்ணும் டீச்சர்?"

"அவங்க அம்மா வேலை முடிஞ்சு வந்துடுவாங்கம்மா."

ரேஷ்மா என்னை வினோதமாகப் பார்த்தாள்.

"அவங்கதான் செத்துப் போய்ட்டாங்களே டீச்சர்."

"நீங்க கவனிச்சீங்களான்னு பாத்தேன்" என்று சமாளித்தேன். ரேஷ்மா தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். நம்பிவிட்டாள்.

இப்போதுதான் அந்த போட்டோவைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். மூன்றாவது வரிசையில் ரேஷ்மா துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். எடுத்தது நான்தான்.