படத்தில் மாண்ட இளவரசர்

நலம் பெருகுக. மழை பொய்க்காத குறும்பொறை நாடாளும், சொன்ன சொல் மாறாத வேள் மருதவாணர் திருமுன்புக்கு, நெடுங்கரை வேந்தர் அரிகண்டதேவரின் அமைச்சன் பெருநம்பி தாள்பணிந்து விடுக்கும் ஓலை. தங்கள் குடியும் கொற்றமும் ஆநிரையும் வாழ்க. இதைத் தாங்கள் தனித்திருந்து படித்தருள வேண்டும்.

நம் இரு நாடுகளின் ஆற்றங்கரைப் போரை முடித்த உடன்படிக்கைப்படி இங்கே பிணையாக இருக்கும் தங்கள் திருமகன் செழியவாணருக்கு இப்போது உயிராபத்து வந்திருக்கிறது.

கடல்கடந்து வந்த பரங்கி ஓவியர் மத்தேயு, அந்த ஆற்றங்கரைப் போரைச் சுவரளவு துணியில் எண்ணெய் வண்ணத்தால் தீட்டியிருக்கிறார். போரன்று வேந்தர் காய்ச்சலில் கூடாரத்தில் கிடந்ததை இரு படைகளும் அறியும். படத்திலோ வெண்குதிரை மேல் வாளோங்கி நிற்கிறார்! தம் நாட்டு அரண்மனைகளில் இதுவே வழக்கம் என்றும், போர்க்களமே காணாத மன்னரும் அங்கே படத்தில் முன்னணியில் நிற்பார் என்றும் ஓவியர் விளக்கினார்.

ஆள் எதிரே இல்லாமல் ஓவியர் எந்த உருவமும் எழுதமாட்டார். குதிரையின் காலடியில் கிடக்கும் பிணத்துக்கு ஆள் தேடியபோது, சும்மா இருந்து அலுத்துப்போன தங்கள் மகன் தாமே போய்ப் படுத்துக்கொண்டார். இதை எழுதும் பெருநம்பியும் பார்த்துச் சிரித்தான். ஐயோ, அன்றே தடுத்திருக்க வேண்டும்.

பகைவர் மகனைத் தாமே வெட்டி வீழ்த்தியதாகப் படத்தில் கண்டதும் வேந்தருக்குத் தலைகால் புரியவில்லை. பார்த்துப் பார்த்து நம்பியே விட்டார். முழுநிலா நாளில் அயல்நாட்டுத் தூதர் முன் அதைத் திறந்துவைப்பதாகவும், படத்தில் செத்தவன் சபையில் நடமாடினால் தமக்குத் தலைகுனிவு என்றும், அதற்குமுன் அவனை அமைச்சனே தீர்த்துவிட வேண்டும் என்றும் ஆணையிட்டார். பிணத்தின் முகத்தையாவது மாற்றி எழுதலாமே என்று பெருநம்பி மன்றாடினான். படத்தைத் தொடுகிறவன் கையை வெட்டுவதாக விடை வந்தது.

ஆகையால், இந்த ஓலையைக் கொண்டுவந்து தங்கள் முன் நிற்கும் உப்பு வணிகனின் முக்காட்டை விலக்கிப் பாருங்கள். பிறகு தங்கள் மகனை மறைந்திருக்க மலைக்கு அனுப்பிவிடுங்கள். ஆளைக் கொன்று எரித்தாயிற்று என்று பெருநம்பி வேந்தரிடம் சொல்லப்போகிறான். சாவுச் செய்தி அங்கே வந்ததும் தாங்களும் பெற்ற தாயாரும் ஊர் கேட்க அழுது, இறுதிக்கடன் செய்ய வேண்டும். வேந்தரின் ஒற்றர் வாசலில் நின்று கேட்பார்கள்.

இதில் அரச முத்திரை இல்லை. பெருநம்பியின் மோதிரமே பதிந்திருக்கிறது. வேளுக்கு ஆணையிட அவனுக்குத் தகுதி இல்லை, ஆயினும் இடுகிறான். மகனைக் கட்டியணைத்து முடித்ததும் ஓலையை எரித்துவிட்டு, அழத் தொடங்குக.