பாட்டிலில் ஒட்டிய என் முகம்

மரியே வாழ்க.

அன்பு மகன் சகாய ஆண்டனிக்கு அப்பா உபகாரசாமி எழுதுவது. நானும் உன் அம்மா பவுலினும் சுகம், அவளுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. பெங்களூரில் நீயும் மருமகளும் பிள்ளைகளும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறோம். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், வரி மேலே ஏறும், கீழே சரியும், பொறுத்துக்கொள். எழுபத்திரண்டு வயதில் எழுதும் முதல் கடிதம், இந்த நாலு வரிக்கே ஒரு காலைப்பொழுது போய்விட்டது. ஆனாலும் சந்தோஷம் தாங்கவில்லை. கோயில் மண்டபத்தில் சௌபர்ணிகா டீச்சர் நடத்தும் வகுப்பில் எட்டு மாதம் உட்கார்ந்து எழுத்துக்கூட்டக் கற்றுக்கொண்டேன். தேவகோட்டை பஸ் எது என்று இப்போது யாரையும் கேட்பதில்லை. மருந்துக்கடைப் போர்டு, கல்யாண போஸ்டர், ஒன்றையும் விடுவதில்லை. உன் அம்மா சலித்துக்கொள்கிறாள்.

அப்படித்தான் போன செவ்வாய்க்கிழமை நீ போனில் விற்கிற நல்லெண்ணெய்ப் பாட்டிலையும் வாசித்தேன். இரண்டு வருடத்துக்கு முன் நீ கொடுத்தது, எண்ணெய் தீர்ந்ததும் அம்மா கழுவி, வேளாங்கண்ணித் தீர்த்தம் ஊற்றி மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாளே, அதுதான். என் படம் ஒட்டியிருப்பதால் வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுவேன். மகன் நம்மைப் பற்றி நல்லதாக ஏதோ எழுதியிருக்கிறான் என்று நினைப்பு. அரைமணி நேரம் விரல் வைத்து வாசித்தேன். எங்கள் அப்பா உபகாரசாமி ஐம்பது ஆண்டுகளாக வாகைமரச் செக்கில் தன் கையால் ஆட்டித் தரும் செட்டிநாட்டு நல்லெண்ணெய் என்று இருக்கிறது. நான்தான் தப்பாகக் கூட்டுகிறேனோ என்று மறுபடியும் வாசித்தேன். ஏண்டா, நம் வீட்டில் செக்கு எங்கே இருந்தது? தேவகோட்டை ரோட்டில் நாற்பது வருடம் பஞ்சர் ஒட்டியவன் நான், என் கையில் பட்ட எண்ணெய் கிரீஸ் ஒன்றுதான். மில்லில் டின் டின்னாக வாங்கி அடைப்பதாகப் போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நீயே சொன்னாய். அந்தப் படமும் உன் தங்கை ஆன் மேரி கல்யாணத்தில் நான் நாற்காலி தூக்கி வேர்த்து நின்றபோது எடுத்தது. அதைச் செக்காட்டிய வேர்வை என்று விற்றிருக்கிறாய்.

மறுநாள் நான் டீக்கடையில் இருந்தபோது கொத்தமங்கலம் உடையப்பன் வந்தார், நம் கடைக்கு டிராக்டர் டயர் கொண்டுவருவாரே, அவர்தான். பேரப்பிள்ளைக்குத் தேய்க்க என் முகத்தை நம்பி நாலு பாட்டில் வரவழைத்தாராம். எள் வாசனையே இல்லை, காறல் அடிக்கிறது என்று புகார் எழுதியிருக்கிறார். வந்த பதிலைப் போனில் காட்டினார். வணக்கம், நான் உபகாரசாமி அப்பா, உங்கள் திருப்தியே என் உழைப்புக்குக் கூலி என்று, கும்பிடு போடும் பொம்மையோடு இருந்தது. எழுத்தே தெரியாத நான் இரண்டு வருடமாக ஊருக்கெல்லாம் பதில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். அங்கேயே எல்லார் முன்னாலும் கேட்டார், "பஞ்சர் கடையில எங்குட்டய்யா செக்கு வச்சிருந்தீக, எங்க கண்ணுல படவே இல்லையே?" கடையே சிரித்தது. டீயைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

வாங்கினவர்கள் அந்தப் பாட்டில் படத்துக்குக் கீழே எழுதியதையும் டீச்சரின் போனில் வாசித்தேன். கோயம்புத்தூர் அம்மா ஒருவர் அப்பாவின் கைமணம் என்று ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறார். என் கைமணம் ரப்பர் சொலுஷன் மணம், முகர்ந்தால் ஓடிவிடுவார். அச்சில் வந்தால் நிஜம் என்று இத்தனை காலம் மரியாதை கொடுத்தேன், வாசிக்கத் தெரிந்த பிறகு அந்த மரியாதை போய்விட்டது. படித்த பிள்ளை நீ, இந்தப் பிழைப்புக்கா படித்தாய்? நான் டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழியைக் காட்டுவேன், ஒட்டியபின் மறுபடி முக்கி, குமிழி வரவில்லை என்று காட்டித்தான் கூலி வாங்குவேன். மில் எண்ணெய் விற்பதில் கேவலம் இல்லை. அதை மில் எண்ணெய் என்று எழுத உனக்கு என்ன நடுக்கம்?

உடையப்பனிடம் நீயே பேசி மன்னிப்புக் கேள். அம்மாவுக்குத் தைலம் அனுப்ப மறக்காதே, மேலே எழுதியிருப்பதை நம்பாமல் முகர்ந்து பார்த்து வாங்கு. பிள்ளைகளுக்கு என் முத்தம், உங்கள் எல்லாரையும் ஆண்டவர் காப்பாராக. அடுத்த வாரமும் எழுதுவேன். அதற்குள் என் முகத்தை எடுத்திருந்தால் உன் வீட்டு விலாசத்துக்கு எழுதுவேன். எடுக்காவிட்டால் அந்தப் பாட்டிலுக்குக் கீழே எல்லாரும் எழுதுகிற இடத்தில் எழுதுவேன், எப்படி என்று டீச்சரிடம் கேட்டுவிட்டேன். ஒரு நட்சத்திரம், ஒரே வரி: நான்தான் உபகாரசாமி, எனக்குப் பஞ்சர் ஒட்ட மட்டும்தான் தெரியும்.

இப்படிக்கு, கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போடும் உன் அப்பா,
ம. உபகாரசாமி
காரைக்குடி