முள் ஏறிய நாள்

14 ஜூன் 1954, திங்கள்
கொதிகலன் டிரம்முக்குள் உட்கார்ந்து ரிவிட் ஆணியைத் தாங்கிப் பிடிப்பவன் கஸ்பார். வெளியே நின்று சம்மட்டியால் அடிப்பது நானும் மாரியப்பனும். அவன் காதைக் கெடுத்தது வேறு யாருமில்லை, நாங்கள்தான். இன்று சாப்பாட்டு நேரத்தில் மூன்று தரம் கூப்பிட்டும் அசையவில்லை. தோளைத் தட்டியதும், "இன்னா மாமே, ஒரு கொரல் குடுக்கக் கூடாது?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

18 ஜூன்
சங்கம் கேட்டது நடக்கிறது. சத்தத்தை அளக்கிற பெட்டியோடு கல்கத்தாவிலிருந்து ஒரு என்ஜினீயர் வருகிறார். பெட்டியின் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டினால், உள்ளே உட்காருகிறவனுக்கு அரை நாள்தான் டிரம்; மீதி நேரம் வெளி வேலை. மேனேஜரே ஒத்துக்கொண்டாராம். அவராவது, ஒத்துக்கொள்வதாவது! ஆனால் கஸ்பார் அதற்குள் ராயபுரம் மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டான்.

21 ஜூன்
யோசனை என்னுடையது. முள் ஏறணும் என்றால் அடி விழணும். நாளைக்கு என்ஜினீயர் அளக்கும்போது எவனும் பீடிக்குக்கூட நிற்கக் கூடாது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

22 ஜூன், செவ்வாய்
இன்று அடித்த அடியை ஆயுளில் அடித்ததில்லை. கத்திவாக்கம் வரை கேட்டிருக்கும். பெட்டியிலிருந்து ஒரு ஒயர், அதன் முனையில் மைக். அதைக் கஸ்பார் தலைக்குப் பக்கத்தில் தொங்கவிட்டு, என்ஜினீயர் தன் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டார். முள் சிவப்பைத் தாண்டி ஓரத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது. கை இரண்டும் கொப்பளம், பேனா பிடிக்க முடியவில்லை. ஆனாலும் சந்தோஷம், அப்படி ஒரு சந்தோஷம்.

24 ஜூன்
எந்த நேரத்தில் வாயைத் திறந்தேனோ.
இரண்டு நாள் பிடிக்கிற டிரம்மை அன்று ஒரே நாளில் முடித்திருக்கிறோம். அடிக்கிற வெறியில் எங்களில் ஒருத்தனும் அதைக் கவனிக்கவில்லை. ஃபோர்மன் உசேன் கவனித்திருக்கிறார். "இன்னாங்கடா, இத்தினி நாளா தூங்கிகினா இருந்தீங்க?" என்றார். இனி தினம் ஒரு டிரம் என்று போர்டில் ஒட்டியாகிவிட்டது. அரை நாள் சமாசாரம் — அது பரிசீலனையில் இருக்கிறதாம். மாரியப்பன் என் காலடியில் காறித் துப்பினான். துப்பட்டும்.

9 ஜூலை
தினம் ஒரு டிரம்.

16 ஜூலை, வெள்ளி
மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். முள் அவ்வளவு ஏறியதல்லவா, அந்தச் சத்தத்தில் ஆறு வருஷம் இருந்தவனுக்குக் காது இருக்காதாம். காது இல்லாதவன் கிரேன் மணிக்கு நகர மாட்டான், கம்பெனிக்கு ஆபத்து. அதனால் கஸ்பாருக்கு இன்றோடு சீட்டுக் கிழிப்பு. நாளை முதல் உள்ளே நான். "வெள்ளத்துரை, நீதானே அவன் சிநேகிதன்? நீயே சொல்லிடு" என்றார். பாவி, அதையும் என் தலையில் கட்டினான்.

பட்டறைக்கு வந்து, டிரம்முக்குள் இருந்த கஸ்பாரிடம் வெளியே வா என்று கையைக் காட்டினேன். அவன் முகத்தைப் பார்க்கணுமே! அரை நாள் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான். குதித்து இறங்கி என் கையைப் பிடித்துக்கொண்டு, "கெலிச்சிட்டோம் மாமே!" என்றான்.

காதருகே சொன்னேன். சிரித்தான். உரக்கச் சொன்னேன். சிரித்துக்கொண்டே தலையாட்டினான். சம்மட்டிகள் நின்றுவிட்டன, பட்டறையே எங்களைப் பார்த்தது. எனக்கு ஊர்ப் பேச்சே வந்துவிட்டது. "ஒன்ன வேலைய விட்டு எடுத்துட்டானுவல!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என் தோளில் கை வைத்து, "மெதுவா சொல்லு மாமே, அல்லாரும் கேக்குறாங்க" என்றான்.