மஞ்சுத்துறை நள்ளியாரை உயிருள்ளோர் ஏட்டில் ஏற்றும் ஓலை

வாழி! பனிவரை நாட்டின் மலை ஏழும் முகில் சூடி நிற்க, வெள்ளியாறு கரை மீறாது ஓட, நெல்லும் தினையும் ஒரே களத்தில் குவிய, குடிகள் கதவைத் தாழிடாமல் கண்ணயர, முத்துக்குடை நிழலில் வீற்றிருந்து செங்கோல் செலுத்தும் மாதேவி ஒளியிழையாரின் திருவாய்மொழி கேட்டு, அரண்மனை ஓலைநாயகம் கண்ணந்தை எழுதிய ஓலை. மஞ்சுத்துறையும் அதைச் சூழ்ந்த பன்னிரண்டு ஊரும் காத்து நிற்கும் துறைக்கோன் முடிநாகனார் கண்டு, தலைமேற்கொண்டு, ஊரவை கூட்டி உரக்கப் படிப்பிக்க. தங்கள் கோட்டையில் நலமே விளைக. தங்கள் துறைவிட்டுப் போன படகெல்லாம் பழுதின்றித் திரும்புக. சென்ற திங்கள் தாங்கள் அனுப்பிய மலைத்தேன் வந்து சேர்ந்தது. இவ்வோலையின் கசப்பை அது சற்றுத் தணிக்கும் என்று நம்புகிறோம்.

தங்கள் துறையில் வாழும் கடம்பன் நள்ளியார் என்னும் முதுவீரர் தங்களிடம் மும்முறை முறையிட்டார் என்பதும், மும்முறையும் தாங்கள் அவரை வந்த வழியே அனுப்பினீர்கள் என்பதும் அரண்மனைக்குத் தெரிந்த செய்தி. முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் துறைப்போரில் அவர் ஈட்டிய பொற்கழலும், வாகை மாலையும், படைவிளி நாளில் முதற்பெயராக அழைக்கப்படும் உரிமையும் மாண்டோர் ஏட்டில் எழுதப்பட்டுக் கிடக்கின்றன. அவற்றை உயிருள்ளோர் ஏட்டுக்கு மாற்ற வேண்டும், தம் பெயர் ஒலிக்கும்போது தாமே வாய் திறந்து உளேன் என்று சொல்ல வேண்டும் என்பதே அவர் விண்ணப்பம். பொன்னும் கேட்கவில்லை, நிலமும் கேட்கவில்லை.

நம் நாட்டு வழக்கம் தாங்கள் அறியாததன்று. தைத் திங்கள் முழுமதி நாள் காலையில், வரிசை பெற்ற வீரர் பெயரை விளிப்போன் அழைப்பான். உயிரோடிருப்பவர் உளேன் என்பார். மாண்டவர் பெயருக்கு ஊரே சேர்ந்து கல்லில் உளன் என்று சொல்லும். மாண்டவர் பெயருக்கு வேறொருவன் வாய் திறந்தால் அவன் நாட்டை விட்டே போக வேண்டும். இந்தச் சட்டத்துக்கு அஞ்சி நள்ளியார் இருபத்தெட்டு ஆண்டுகளாகக் கூட்டத்தின் கடைசியில் நிற்கிறார். முதலில் ஒலிப்பது அவர் பெயர். ஊர் கல்லில் உளன் என்கிறது. அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு வீடு திரும்புகிறார்.

நான்காம் விண்ணப்பத்தை அவர் நேரே மாதேவியாருக்கே எழுதிவிட்டார். படித்த மாதேவியார் ஓலைநாயகனாகிய கண்ணந்தையை அழைத்து, ஒரு மனிதர் தாம் உயிரோடிருப்பதைச் சொல்ல நான்கு ஓலை எழுத வேண்டியிருக்கிறதே, உமது ஓலைச்சாலையில் பொழுதெல்லாம் என்னதான் செய்கிறீர்கள் என்று வினவியருளினார். ஓலைநாயகன் மறுநாளே புறப்பட்டு, ஆறு நாள் நடையும் ஒரு நாள் படகுமாக மஞ்சுத்துறையை அடைந்தான்.

அடைந்தான் என்று சொல்வதுகூடப் பொருந்தாது. துறை அவன் கண்ணுக்கு அகப்படவே இல்லை. ஆற்றின்மேல் வெண்பனி இறங்கி, நீர் எது, கரை எது, வானம் எது என்று தெரியாதபடி எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடந்தன. துடுப்பின் ஓசை எங்கிருந்தோ வந்தது. பின்னர் அதுவும் நின்றது. கால் மணலில் பட்டபோதுதான் கரையேறிவிட்டோம் என்று அவனுக்கு விளங்கிற்று. மிதக்கிறோமா நடக்கிறோமா என்ற ஐயத்தோடு பத்தடி வைத்ததும், பனிக்கு நடுவே ஒரு சிறு விளக்கும், எண்ணெய்ப் பளபளப்போடு ஒரு நடுகல்லும் தென்பட்டன. கல்லில் சாய்ந்தபடி ஒரு முதியவர் இலையில் வைத்த பொங்கலை ஆற அமர உண்டுகொண்டிருந்தார். படையலில் கை வைக்கலாமா ஐயா என்று ஓலைநாயகன் பதறிக் கேட்டான். முதியவர் நிமிர்ந்து பார்த்து, எனக்கு வைத்ததைத்தானே நான் உண்கிறேன், இதற்கும் அரண்மனை ஒப்புதல் வேண்டுமோ என்று கேட்டார். அவர்தாம் நள்ளியார்.

விளக்கேற்றிக்கொண்டிருந்தவர் அவருடைய மனைவி வேண்மாள். அந்த அம்மையார் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறோம். போருக்குப் போனவர் ஆறு ஆண்டு வரவில்லை. மலைக்கு அப்பால் பகைவர் சிறையில் கிடந்தார் என்பதை அன்று யார் கண்டார்? கல் நட்டார்கள், நான் பூ வைத்தேன். பிறகு இவர் வந்து வாசலில் நின்றார். ஊரார் ஓடி வந்து, அவர் வந்தால் வரட்டும் தாயே, விளக்கை மட்டும் நிறுத்திவிடாதே, கல் வாடினால் ஆறு சினக்கும் என்றார்கள். அன்றுமுதல் வீட்டில் ஒருவருக்கும் கல்லில் ஒருவருக்கும் சேர்த்து அடுப்பு மூட்டுகிறேன். ஏச வேண்டும் என்று தோன்றினால் இருவரில் யார் கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறாரோ அவரை ஏசிவிடுவேன்; கல்லாவது எதிர்த்துப் பேசாமல் கேட்கும். இப்படிச் சொல்லிச் சிரித்த அம்மையார், சட்டென்று சிரிப்பை நிறுத்தி, ஐயா, ஏட்டில் நான் கைம்பெண். மங்கலச் சடங்கு எதற்கும் என்னை யாரும் அழைப்பதில்லை, கணவரோ பக்கத்தில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருக்கிறார், இந்தக் கூத்து எந்த நாட்டில் உண்டு என்று கேட்டார்.

துறைக்கோன் அவர்களே, தாங்கள் நள்ளியாருக்குக் கூறிய விடையும் எம்மிடம் இருக்கிறது. நம் வீரன் உயிரோடிருக்கும்வரை கேடகத்தைப் பிரியான் என்பது படைச்சட்டம். போர் முடிந்த காலையில் நள்ளியின் கேடகம் ஓர் உடலோடு கிடந்தது. ஆகவே அவ்வுடல் நள்ளி. வந்து நிற்பவர் தாமே நள்ளி என்றால், உயிரோடு கேடகத்தைக் கைவிட்டவர் ஆகிறார். கைவிட்டவருக்குக் கழலும் இல்லை, வாகையும் இல்லை. கேடகத்தைக் கைவிடவில்லை என்றால் அவர் கல்லின் கீழ் கிடக்க வேண்டும். எப்படிப் புரண்டாலும் முதியவருக்கு வழியில்லை. எழுதிய கை தங்களுடையதே ஆனாலும், சட்டம் அரண்மனையில் பிறந்தது என்பதால் தங்களை முழுக்கக் கடிந்துகொள்ள எமக்கு வாயில்லை. அடுத்த முறை சட்டத்தைப் படித்த கையோடு எதிரில் நிற்கும் முகத்தையும் ஒருமுறை பார்த்திருக்கலாம்.

கேடகத்தை என்ன செய்தீர் என்று ஓலைநாயகன் கேட்டான். நள்ளியார் இலையை மடித்தார், கையைக் கழுவினார், பனிக்குள் எதையோ தேடுபவர்போலப் பார்த்தார். பிறகு சொன்னார். விடியும் வேளை, இதே பனி, இதே இடம். தம்மோடு துறையில் நின்றவர்கள் ஒவ்வொருவராக விழுந்துவிட, எஞ்சியவர் கிணைப்பறை கொட்டும் எவ்வி என்னும் நடுத்தர வயதினர். பறை கொட்டுவோருக்குக் கேடகமும் கிடையாது, படை ஏட்டில் பெயரும் கிடையாது. துறையில் ஒரு பெரும் படையே நிற்கிறது என்று பகைவர் மயங்கும்படி எவ்வி பனிக்குள் அங்கும் இங்கும் ஓடி ஓடிக் கொட்டினார். அம்பு தைத்து விழுந்தவர், குளிர்கிறது நள்ளி, குளிர்கிறது என்று மட்டுமே சொன்னார். என் கேடகத்தை எடுத்து அவர்மேல் மூடினேன் என்றார் நள்ளியார். ஆற்றுக்காற்று தூக்கிவிடாமல் இருக்க விளிம்பில் நான்கு கல் வைத்தேன். அப்புறம் பகைவரை மறிக்க வெறுங்கையோடு நீரில் இறங்கிவிட்டேன்; அங்கேதான் பிடிபட்டேன். கைவிட்டேன் என்கிறார்கள். நான் எங்கே ஐயா கைவிட்டேன்?

நான்கு கல் என்றதும் ஓலைநாயகன் நடுகல்லைப் பற்றிக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டான். எதற்கு இப்படி முகம் வெளுக்கிறது, இந்த ஊர்ப் பனி எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது என்று வேண்மாள் சூடாகக் கஞ்சி கொடுத்தார். அதைக் குடித்தானா இல்லையா என்பதுகூட அவனுக்கு நினைவில்லை.

திரும்பி வந்து ஓலைச்சாலையின் உட்கட்டில், முப்பத்து நான்கு ஆண்டு கட்டவிழாமல் கிடந்த துறைப்போர் ஓலையை எடுத்து விரித்தான். போர்க்களத்தில் நின்று எழுதிய ஓலை அது. அதில் உள்ள வரி இது: கடம்பன் நள்ளியின் கேடகம், அதன் கீழ் ஓர் உடல், தலைமுதல் கால்வரை மூடியிருந்தது, கேடகத்தின் விளிம்பில் நான்கு கல், ஆகவே நள்ளி மாண்டான். இறந்துபோனவன் எழுந்து தன்மேல் தானே கேடகத்தை மூடி, வெளிப்புறத்தில் கல்லும் வைத்துக்கொள்வானோ? குழந்தையும் கேட்கும் கேள்வி. எழுதியவன் கேட்கவில்லை, கேடகத்தை விலக்கி முகம் பார்க்கவும் இல்லை; அப்படியே தானே மண் தள்ளி மூடினான். கண் கண்டதைக் கை எழுதியது. புத்தி மட்டும் சட்டத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றது. இந்த ஓலையை அரண்மனைக்கு வெளியே எவரும் கண்டதில்லை; ஆகையால் நான்கு கல்லின் கணக்கு, அதை வைத்தவருக்கும் எழுதியவனுக்கும் அன்றி வேறெவருக்கும் தெரிந்திருக்க வழியே இல்லை.

எழுதியவன் யார் என்று தாங்கள் கேட்பீர்கள். அப்போது இருபத்திரண்டு வயதில் படையெழுத்தனாகப் பணியாற்றிய கண்ணந்தை. இன்று ஓலைநாயகமாய் அமர்ந்து இதை எழுதுபவனும் அவனே. ஓர் ஆண்மகன் உயிரோடு புதைக்கப்பட்டதும், ஒரு பெண் கணவர் இருக்கக் கைம்பெண்ணானதும், இன்னொருவர் பெயரே இல்லாமல் மண்ணுக்குள் போனதும் அவன் எழுத்தாணியால் நேர்ந்தவை. அன்று மாலை அந்த ஓலையை மடியில் வைத்துக்கொண்டு அவன் அழுதான். அழுததை மறைக்க விரும்பவில்லை. மாதேவியார் முன் சென்று பதவியைத் துறக்க வேண்டினான். பிழையைத் திருத்திவிட்டு வந்து அந்தப் பேச்சை எடும் என்று அவர் அருளிச் செய்தார்.

ஆதலால் ஆணை இது. கேடகம் என்பது மூடிக் காப்பது. அது காத்துக்கொண்டிருந்த இடத்தில் அதை விட்டுச் சென்றவர் கைவிட்டவர் அல்லர் என்று படைச்சட்டத்தில் ஒரு வரி இன்றே சேர்க்கப்பட்டது. கடம்பன் நள்ளியாரின் பெயர் மாண்டோர் ஏட்டிலிருந்து நீக்கப்பட்டு, அவர் ஈட்டிய வரிசைகள் மூன்றோடும் உயிருள்ளோர் ஏட்டில் ஏறியது. பொற்கழலும் வாகையும் இவ்வோலையோடு வருகின்றன. கழலை அவர் காலில் பூட்ட வேண்டியவர் துறைக்கோனாகிய தாங்களே, வேறு ஆளை ஏவலாகாது. வேண்மாள் பெயருக்கு முன் உள்ள கைம்பெண் என்னும் சொல் எல்லா ஏடுகளிலும் சுரண்டப்பட்டது. இனித் தங்கள் துறையில் நடக்கும் மங்கலம் எதுவாயினும் முதல் தாம்பூலம் அவர் கையில் சேர்க. கல்லை யாரும் அசைக்க வேண்டா, நள்ளியாரும் அதை வேண்டவில்லை. அங்கே கிடப்பவருக்குப் போக வேறிடமில்லை என்றே அவர் சொன்னார். கல்லில் உள்ள பெயரை மட்டும் செதுக்கி நீக்கி, கிணை கொட்டித் துறை காத்த எவ்வி என்று வெட்டுவிக்க. இனி விளக்கு அவருக்கு எரியட்டும். ஏற்றும் முறையை ஊரார் வீட்டுக்கு வீடு பகிர்ந்துகொள்க, வேண்மாள் ஏற்றியது போதும். ஆறு சினக்குமோ என்று அஞ்சுவோரிடம், தமக்கு நேர்ந்ததை இத்தனை காலம் பொறுத்த எவ்வி தம் பெயரைக் கேட்டுச் சினக்க மாட்டார் என்று சொல்க.

இவ்வோலையைக் காப்போர் படகு காற்றறிந்து கரை சேர்க. மறைப்போர் படகு கரை காணாதொழிக. மாதேவி ஒளியிழையார் அரியணை ஏறிய பதினோராம் ஆண்டு, கார்த்திகைத் திங்கள் ஒன்பதாம் நாள், வரையாட்டு முத்திரை பதித்தது. எழுத்து, ஓலைநாயகம் கண்ணந்தை. இம்முறை பார்த்து எழுதியது.

ஓலையின் மறுபுறம், விளிப்போனுக்கு: வரும் தை முழுமதி நாளில் முதற்பெயரை வழக்கம்போல் அழைக்க. ஊரார் எவரும் வாய் திறக்கலாகாது. நள்ளியாருக்கு மூச்சு வாங்கும், குரலும் மெலிந்துவிட்டது. அவர் சொல்லி முடிக்கும்வரை அடுத்த பெயரை அழையாமல் காத்து நிற்க.