மேட்டுத் தோட்டத்துப் புளிப்பு

அன்புள்ள பிடிவாதக்காரிக்கு,

நலம் விசாரிப்பதெல்லாம் கடைசியில். திராட்சைக் கொடிகளைப் பிடுங்காதே. ஆளுக்குச் சொல்லியிருந்தால் இன்றே வேண்டாம் என்று சொல்லிவிடு. மற்றதைப் பிறகு படி.

ஒவ்வொரு அறுவடைக்கும் எங்கள் ஒயின் ஆலை மேற்பார்வையாளர் உன் பழத்தைக் கடித்துப் பார்த்து, "உங்க வீட்டம்மா அனுப்புறது திராட்சையா, எலுமிச்சம்பழமா?" என்று என் மானத்தை வாங்குவார். பிறகு பள்ளத்தாக்குச் சாற்றோடு கலந்துவிடுவார். இந்த முறை பெரிய தொட்டி நிரம்பிவிட்டது. வேறு வழியில்லாமல் உன்னுடையதைச் சின்னத் தொட்டியில் தனியாக நொதிக்க விட்டார்கள்.

நேற்று சுவை பார்க்கும் நாள். பெயர் ஒட்டாத கோப்பைகள். முதலாவது பள்ளத்தாக்குத் தோட்டத்து ஒயின் என்று உடனே தெரிந்தது. பகலெல்லாம் வெயில், இரவிலும் புழுக்கம். பழத்தில் சர்க்கரை ஏறுகிறது, புளிப்பு செத்துப்போகிறது. ஜாம் மாதிரி நாக்கில் உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்கிறது.

இரண்டாவதை வாயில் வைத்தேன். சுவைத்துவிட்டுத் துப்ப வேண்டும் என்பது விதி. விழுங்கிவிட்டேன். முதலில் எலுமிச்சைத் தோல், அப்புறம் மழையில் நனைந்த கல்லின் வாசனை. விழுங்கிய பிறகும் வாய் ஊறிக்கொண்டே இருக்கிறது. "இது எங்க வாங்குனது சார்? நம்ம சரக்கு இல்லையே" என்றேன். "யோவ், உன் பொண்டாட்டியோடதுய்யா!" என்று மேற்பார்வையாளர் விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த அறுவடையையும் தனித் தொட்டியில்தான் போட வேண்டும் என்று அவரே சொல்லிவிட்டார்.

இரண்டு தோட்டமும் ஒரே தாய்க்கொடியில் வெட்டி நட்ட போத்துகள்தானே! மேலே இரவுக் குளிர் புளிப்பைக் காக்கிறது, பழம் அவசரப்படாமல் முற்றுகிறது, சரளை மண்ணில் தண்ணீர் தங்காததால் பழம் சிறுத்துச் சுவை கெட்டிப்படுகிறது. எல்லாம் பரீட்சையில் எழுதியவன்தான் நான். ஆனால் அந்தச் சரிவைப் பார்த்ததும் "இங்கதான் நடணும்" என்று சொன்னவள் நீ. என்ன பெண்ணடி நீ!

நீ கொடிகளைப் பிடுங்கிப் போட்டு, எல்லாவற்றையும் விட்டுவிட்டு என்னோடு இருக்க வருவதாக எழுதியதும் இருவருக்கான வீடு பார்த்து முன்பணம் கொடுத்துவிட்டேன். ஜன்னலுக்குத் திரைகூட வாங்கியாயிற்று. பரவாயில்லை. இந்தப் புழுக்கத்துக்கு நீ இறங்கி வராதே. சனிக்கிழமை பஸ்ஸில் நானே வருகிறேன். திரைத்துணியையும் கொண்டுவருகிறேன், உன் ஜன்னலுக்குச் சரியாக இருக்குமா என்று அளந்து வை.

நீயும் கொடிகளும் குளிரில் நன்றாக இருங்கள்.

கீழே வெந்துகொண்டிருக்கும்
உன் வீட்டுக்காரன்