குடுவைக்குள் இருந்தவர்

மார்ச் 4

கட்டுரையை ஆய்விதழிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். செல்களின் அடையாளச் சோதனை முடிவை இணைக்க வேண்டுமாம். நாற்பத்தொன்பது வயதில் முனைவர் பட்டத்துக்கு நிற்பவனிடம் எல்லாருமே அடையாளம்தான் கேட்கிறார்கள். வாசலில் காவலாளிகூட, "யாரப் பாக்கணும் சார்?" என்கிறான்.

சின்னவரிடம் சொன்னேன். என் ஆய்வு வழிகாட்டி. நான் கல்லூரியில் பாடம் நடத்திய காலத்தில் மூன்றாவது பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தவர். இன்னமும் என்னை சார் என்றுதான் கூப்பிடுகிறார். வயிறு எரிவது அதில்தான்.

"குடுத்துட்டு வாங்க சார். சும்மா சம்பிரதாயம்."

மார்ச் 5

கொடுத்துவிட்டு வந்தேன். ஒரு சிட்டிகை செல், ஒப்பிட்டுப் பார்க்க லாரி ஓட்டுநரின் பழைய ரத்தத் துளி.

ஆறு வருடம் ஆகிறது. அவருடைய கல்லீரல் கட்டியிலிருந்து எடுத்த செல்களைத்தான் குடுவையில் வளர்த்து, எந்த மருந்துக்கு அடங்குகின்றன என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். சம்மதம் கேட்கப் போன அன்று கட்டிலில் சாய்ந்தபடி சிரித்தார். "நான் போனாலும் இது இங்க ஓடிட்டே இருக்குமா தம்பி? டீசல் மட்டும் மறக்காம ஊத்துங்க." பிறகு அதிக நாள் இருக்கவில்லை.

மறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில்கூட வந்து ஊட்ட திரவம் மாற்றியிருக்கிறேன். மகளின் பள்ளி விழாவுக்குப் போகாததற்கும் அதுதான் காரணம். அவள் அதை இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்.

மார்ச் 12

சோதனைப் பிரிவு அம்மா போனில் சொன்னார்.

"சார், ஏதாவது மாத்திக் குடுத்துட்டீங்களா? இது ஆம்பள செல்லே இல்ல."

"என்னம்மா சொல்றீங்க?"

"எப்பவோ செத்துப்போன ஒரு பொம்பளையோடது. உலகம் பூரா வளக்கறாங்க. புல்லு மாதிரி மண்டும். பக்கத்துல எது இருந்தாலும் விடாது."

மூன்று குடுவைகளிலிருந்து மறுபடி கொடுத்தேன். மூன்றும் அவள்தான்.

மார்ச் 13

எப்போது நடந்தது என்பது தெரிந்துவிட்டது. ஆரம்பத்தில் ஓட்டுநரின் செல்கள் அடம்பிடித்தன. ஒட்டாது, பெருகாது. நானும் கெஞ்சிப் பார்த்தேன். முதல் வருடக் கடைசியில் ஒரு வாரம் திடீரென்று குடுவை நிறைந்தது. "பிடிச்சுக்கிச்சு சார்!" என்று சின்னவர் கை கொடுத்தார். எல்லாருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தேன்.

அது அவர் பிழைத்த நாள் இல்லை. அவள் அவரை முழுசாகத் தின்று முடித்த நாள். நாங்கள் கேக் சாப்பிட்டிருக்கிறோம்.

ஒவ்வொரு செல்லுக்கும் ஊட்ட திரவத்துக்குத் தனி பாட்டில் வைத்துக்கொள்வதுதான் முறை; பொதுவாக வைத்தால் ஒரு குடுவையிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றிவிடும். "எதுக்கு சார் வீணா, என் பாட்டில்லயே எடுத்துக்கங்க" என்றது யார்? பக்கத்துக் குடுவையில் வளர்ந்தவை சின்னவரின் பழைய செல்கள். அவருக்குப் பட்டம் வாங்கித் தந்தவை. ஒரு சிறுவனின் சிறுநீரகக் கட்டியிலிருந்து வந்ததாகச் சொல்வார்.

சொல்வார்.

மார்ச் 14

குடுவைகளை வைத்திருக்கும் இன்குபேட்டர் கதவைத் திறந்தால் வெதுவெதுப்பான காற்று முகத்தில் படும். இத்தனை நாளும் அது ஓட்டுநருடைய மூச்சு என்று ஒரு நினைப்பு எனக்கு. பைத்தியக்காரத்தனம்தான். இன்றைக்கு என் முகத்தில் பட்டது யாருடையது?

மூடிவிட்டேன். உள்ளே யாரோ தலையைத் திருப்பிப் பார்த்த மாதிரி இருந்தது.

மார்ச் 17

சின்னவர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

"வேற இதழுக்கு அனுப்புவோம் சார். எல்லாரும் இதக் கேக்கறதில்ல."

"ஆய்வேட்டுல என்ன எழுதறது?"

"கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதுங்கடான்னு நீங்கதான கிளாஸ்ல சொல்வீங்க? இத யார் கேட்டா? அடுத்த மாசம் சமர்ப்பிக்கணும். இப்போ விட்டா உங்க பதிவு காலாவதி. ஞாபகம் இருக்கட்டும்."

"உங்க செல்லயும் ஒரு தடவை பாத்துடலாமே, டாக்டர்."

அவர் முகம் மாறியது. ஒத்துக்கொள்கிறேன், எனக்கு இனித்தது.

மார்ச் 18

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

"பட்டத்த வாங்கிட்டு வாங்க. அப்புறமா நல்லவரா இருந்துக்கலாம்."

"அது பொய்டி."

"ஆறு வருஷமா நான் ஒருத்தி சம்பளத்துல வீடு ஓடுதே, அதுவும் பொய்யா?"

இவள் சொல்வது தப்பும் இல்லை.

மார்ச் 21

இன்றைக்கென்று ஓட்டுநரின் மனைவி வந்துவிட்டார். கணவர் இறந்த தேதி. வருடா வருடம் வந்து நுண்ணோக்கியில் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார். முதல் தடவை கூப்பிட்டுக் காட்டியது நான்தான். பெருமைக்கு.

கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இங்க எவ்வளவு சுறுசுறுப்பு பாருங்க தம்பி! வீட்ல ஒரு பல்பு மாத்தச் சொன்னா மூணு மாசம் ஆக்குவாரு."

சிரித்தார். நானும் சிரித்தேன்! அவர் நுண்ணோக்கியின் விளிம்பை விரலால் தடவிவிட்டுப் போனார்.

மார்ச் 22

நுண்ணோக்கி பக்கமே போகவில்லை.

மார்ச் 24

கண்ணை மூடினால் குடுவை. அதற்குள் இடமில்லாமல் நெருக்கிக்கொண்டு ஒரே முகம். அவள் முகம் எனக்குத் தெரியாது, ஆனாலும் முகம். மூலையில் ஓட்டுநர் — கோபம்கூட இல்லாமல் — ஒதுங்கி நிற்கிறார். திட்டினால்கூடத் தேவலை.

யாருக்குப் பயப்படுகிறேன்? சின்னவருக்கா? பட்டம் வராது. அவ்வளவுதானே. அவ்வளவுதானா? கல்லூரி வேலையை விட்டாயிற்று. ஊரெல்லாம் சொல்லியாயிற்று. போடா, அவ்வளவுதான் என்று சொல்ல வாய் வரவில்லை.

மார்ச் 26

காலையில் ஓட்டுநரின் மனைவிக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். பாடம் நடத்துவதுபோல் நிதானமாக ஆரம்பித்தேன், நடுவில் குழறியது.

"அப்போ நான் வருஷா வருஷம் வந்து பாத்தது?"

"வேற ஒருத்தங்கம்மா. ஒரு பொம்பள."

வைத்துவிட்டாரோ என்று பார்த்தேன்.

"அவரு இல்லவே இல்லயா, தம்பி? ஒரு துளிகூட?"

"இல்லம்மா."

"சரி" என்றார். இன்னொரு தடவை, "சரி." இவ்வளவு நாள் கழித்து அவரை இரண்டாம் முறை சாகடித்திருக்கிறேன். என்னைத் திட்டவும் இல்லை.

ஏப்ரல் 2

நடந்ததை அப்படியே ஓர் அத்தியாயமாக எழுதிச் சின்னவரிடம் கொடுத்தேன். பாட்டில் விஷயம் உட்பட. படித்துவிட்டு மேசைமேல் தள்ளினார்.

"இதுல நான் கையெழுத்து போட மாட்டேன்."

"போடாதீங்க."

"பழி தீத்துக்கறீங்க, சார்."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். முழுக்க இல்லை என்று சொல்ல முடியவில்லை.

மே 5

பதிவு காலாவதி. இவள் இரண்டு நாளாகப் பேசவில்லை.

ஜூன் 16

சோதனைப் பிரிவில் தற்காலிக உதவியாளர் வேலை. அந்த அம்மாதான் கேட்டு வாங்கிக் கொடுத்தார். விஷயம் பரவிவிட்டது; உணவகத்தில் நான் போய் உட்கார்ந்தால் மேசை காலியாகிறது.

ஆகஸ்ட் 8

ஒவ்வொருவராக வர ஆரம்பித்திருக்கிறார்கள். குடுவையைத் துணிப்பைக்குள் வைத்து, பக்கத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து. "சும்மா ஒரு தடவை பாத்துடுங்க சார்." இவ்வளவு நாள் பார்த்தும் பார்க்காமல் போனவர்கள்தான். ஒருவனுக்கும் மறுக்கவில்லை. ஒருவனையும் மறக்கவும் இல்லை.

செப்டம்பர் 18

சின்னவர் வந்தார். குடுவையை மேசையில் வைத்தார். என்னைப் பார்க்கவில்லை.

"அந்தப் பையனோடது. அவசரமில்ல, சார்."

அவர் பெயருக்கு முன்னால் இருக்கும் எழுத்துகள், அறை, நாற்காலி, எல்லாமே அந்தச் சிறுவனிலிருந்து வந்தவை. இந்த நாளுக்காக எவ்வளவு காத்திருந்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

செப்டம்பர் 23

முடிவு வந்துவிட்டது. அவள்தான்.

சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். காலையிலிருந்து மூன்று தடவை போனை எடுத்து வைத்துவிட்டேன். எப்படி ஆரம்பிப்பது? போனில் வேண்டாம். அவர் அறைக்கே போய், கதவைச் சாத்திவிட்டு, முதலில் உட்காரச் சொல்ல வேண்டும்.